ஆத்துப்பாலத்தில் ஆறு எங்கே?

கோவையின் சுற்றுலாவையும் நகரமைப்பையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. போன மாதம் என் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை இரண்டு நாள் வந்து தங்கினார். திருச்சிக்காரர், காவிரிக் கரையில் வளர்ந்தவர். ஈஷா போய் வந்தாயிற்று, மருதமலை ஏறியாயிற்று. மறுநாள் காலை டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "மச்சான், உங்க ஊர்ல ஆறு இருக்குன்னு படிச்சேனே, அது எங்க?"

முந்தைய நாள் குனியமுத்தூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது நாங்கள் அந்த ஆற்றைத் தாண்டித்தான் போனோம். 2024இல் திறந்த உக்கடம் மேம்பாலத்தில் ஏறினால் ஆறு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கீழே பஸ் நிறுத்தத்தின் பெயரே ஆத்துப்பாலம். நடத்துனர் நாள் முழுக்க அந்தப் பெயரைக் கூவுகிறார். ஆனால் எந்த ஆற்றின் பாலம் என்று அங்கே நிற்கும் காலேஜ் பையனைக் கேட்டால் முழிப்பான். நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அங்கே ஆற்றின் பெயரைச் சொல்லும் ஒரு பலகை வையுங்கள். பாலத்தடியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் பெயர் போட உங்களுக்கே கூச்சமாக இருக்கலாம். இருந்தாலும் போடுங்கள். நொய்யல், பழைய பெயர் காஞ்சிமாநதி, வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்து நொய்யல் கிராமத்தில் காவிரியோடு சேர்கிறது. இவ்வளவு எழுதினால் போதும். கடைசிச் செய்தியைச் சொன்னதும் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். "அப்ப உங்க சாக்கடையும் எங்க படித்துறைக்குத்தான் வருதா?" பெயர்ப் பலகை இருந்தால் இப்படிக் கேட்கும் ஆட்கள் கூடுவார்கள். கேட்கட்டுமே.

உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதை போட்டிருக்கிறீர்கள். குறை சொல்ல மாட்டேன், சாயங்காலம் நானும் அங்கேதான் நடக்கிறேன். பேத்தியை 'ஐ லவ் கோவை' எழுத்துக்கு முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தாயிற்று. ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கரையில் ஒரு வரி கிடையாது. ஆற்றில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு குளமாக நிரப்பிக்கொண்டு போன ஏற்பாடு அது. அதைச் சொல்லாவிட்டால், விளக்கு எரியும் பெரிய தொட்டி என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார்.

அப்புறம் மில். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று உங்கள் துண்டுப் பிரசுரத்தில் போடுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை மில் பார்க்க வேண்டும் என்றார். எதைக் காட்டுவது? 1888இல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் வரிசையாக மில்கள் முளைத்தன. அதாவது மில் ஓடியது நொய்யல் தண்ணீரில் அல்ல, நீலகிரியிலிருந்து கம்பியில் வந்த தண்ணீரில். கரிசல் பருத்தியும், நூல் அறாமல் இருக்கப் பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டன. இதையெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்து வாயால்தான் சொல்ல முடிந்தது. காட்டியது பூட்டிய கேட்டுகளும், அவற்றுக்குப் பின்னால் வளர்ந்த சீமைக்கருவேலமும்.

என் அப்பா ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர், அதாவது நூற்கும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைக் கவனித்தவர். எந்த மில் என்பது இங்கே வேண்டாம். அது மூடியபோது கணக்குத் தீர்க்க அவர் எத்தனை நடை நடந்தார் என்பது வேறு கதை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மில் சங்குதான் நேரம். ஒவ்வொரு மில் சங்குக்கும் ஒரு குரல். அடுப்படியில் இருந்தபடியே அம்மா, "இது நம்முளுது இல்ல, அந்தப் பக்கத்து மில்லுது" என்பாள். நம்முடையது ஊதியதும் உலையில் அரிசி விழும். வாசலில் துண்டால் பஞ்சைத் தட்டிவிட்டு வந்தால்தான் அப்பாவுக்குத் தட்டு. அவர் தட்டியது போக மிச்சம் எங்கள் இருமலில் இருந்தது.

தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 ஊரடங்கில் நின்றன. தொழிலாளர்கள் திறக்கச் சொல்லிப் போராடினார்கள். அந்தக் கட்டடங்களை விற்பதா ஓட்டுவதா என்பது டெல்லியின் முடிவு, உங்கள் கையில் இல்லை, தெரியும். ஓட்டினால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான். ஓட்டாமல் இடிக்கத்தான் போகிறார்கள் என்றால், ஒரு ஷெட்டையாவது கேட்டு வாங்குங்கள். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரம் ஒன்று ஓடட்டும். அறுந்த நூலை ஒரு கையால் எடுத்து ஒட்டிக் காட்ட எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபது தாண்டியவர்கள், ஆகவே டெண்டர் விட்டு ஏழு வருஷம் இழுக்காதீர்கள்.

அந்த ஷெட்டில் இயந்திரம் மட்டும் போதாது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரின் பெயரும் சுவரில் இருக்க வேண்டும். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். விமான நிலையத்தை அடுத்துத்தான் சின்னியம்பாளையம். வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளை மறுபடி வருகிறார். பேரூர்ப் படித்துறைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஆத்துப்பாலத்தில் அந்தப் பலகையை மட்டுமாவது வைத்துவிட்டால், மேம்பாலத்தில் ஏறாமல் கீழே ஓட்டச் சொல்லி ஆட்டோவை அங்கே ஒரு நிமிடம் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
சிங்காநல்லூரிலிருந்து ஒரு மில் தொழிலாளி மகன்