பரணில் இருக்கும் ஜாடிகளை விற்றுவிடாதீர்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி ஊர்களின் பழைய வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கமும் ஸலாமும்.

வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய சாமான் வியாபாரி வந்து பரணில் உள்ளதை மொத்தமாக விலை பேசிவிடுகிறார். சீனப் பீங்கான், பர்மாத் தேக்குப் பெட்டி, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடு, எல்லாம் ஒரே வண்டியில் போகிறது. கீழக்கரை வீடு ஒன்றில் நீலப் பூ போட்ட ஜாடி ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் சில்லு போயிருந்தது, அடியில் ஊறுகாய் எண்ணெய்க் கறை. “எங்க வாப்பாவோட வாப்பா கொழும்புலேருந்து கொண்டாந்தது” என்றார் அந்த வீட்டம்மா. வியாபாரி கைக்குப் போனால் அந்தப் பேச்சு ஜாடியோடு போகாது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்பீர்கள். ஆனால் பேர்பெற்ற பல அருங்காட்சியகங்கள் தனியார் வீட்டிலிருந்துதான் கிளம்பின. லண்டன் நேஷனல் கேலரிக்கு விதை போட்டவர் ஆங்கர்ஸ்டைன், உங்கள் முன்னோர்போலக் கப்பல் தொழிலை அறிந்தவர், கடல் காப்பீட்டு வணிகர். அவர் இறந்தபின், 1824இல் அவருடைய 38 ஓவியங்களை அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கி, அவர் வீட்டிலேயே மக்களுக்குத் திறந்துவிட்டது. ஜார்ஜ் பியூமாண்ட் தன் ஓவியங்களை அதே கேலரிக்குக் கொடுத்தார். அதில் குளோட் வரைந்த சின்னப் படம் ஒன்றைப் பிரிய மனம் வராமல், உயிரோடு இருக்கும்வரை தன்னிடம் இருக்கட்டும் என்று திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரை ஆண்ட மெடிசி குடும்பத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா. குடும்பச் சொத்தான கலைப்பொருள்கள் எதுவும் ஃபிளாரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று 1737இலேயே ஒப்பந்தம் எழுதி வாங்கினார். அந்தக் கலைப்பொருள்கள் உள்ள, 1769இல் மக்களுக்குத் திறந்த உஃபிசி அருங்காட்சியகம் இன்றும் அந்த ஊரிலேயே இருக்கிறது.

எல்லோர் கையும் சுத்தம் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளமான பொருள்களைச் சேகரித்த ஹான்ஸ் ஸ்லோனின் செல்வத்தில் ஜமைக்கா அடிமைத் தோட்டத்துப் பணமும் உண்டு. உங்கள் ஜாடிகளோ கடல் வாணிகத்தில் வந்தவை. பெரியபட்டினத்து மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனை ஏற்கெனவே தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. சும்மா தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை, நிபந்தனையோடு கொடுங்கள். பொருள் மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது, பக்கத்தில் குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும், நீங்கள் இருக்கும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஜமாஅத்தும் ஊர்ச் சங்கங்களும் கூடிப் பேசி இதை எழுத்தில் கேட்டால், துறை பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, யார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.