வேலையை விட்டுவிடாதே, மாப்பிள்ளை

மண்டபம்,
ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை என்று வாசித்துச் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. குழந்தைக்கு எங்கள் ஆசிகள்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஆறு நாள்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. இப்போது ஜெட்டிப் பக்கம் போனால் பெயிண்ட் வாசனை தூக்குகிறது. வலை பொத்துகிறவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஐஸ் கம்பெனியில் இயந்திரம் ஓடவில்லை. நான் பழைய கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். கச்சான் காற்று மணலை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது.

நாவலை முடித்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். தனுஷ்கோடியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லிவந்தவன் நீ. முடித்தே விட்டாய். மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அடுத்த பக்கத்தில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகவும், இரண்டு வருடத்தில் எழுத்தே சோறு போடும் என்றும், படமாக எடுக்க யாராவது கேட்பார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். என் முதல் தொகுப்பு 300 பிரதி அச்சிட்டார்கள். விலை 180 ரூபாய். ராயல்டி வழக்கமான பத்து சதவீதம். அத்தனையும் விற்றால்கூட எனக்கு 5,400 ரூபாய். ஒன்பது வருடம் எழுதிய பதினான்கு கதைகளுக்கு. பதிப்பாளர் ஒரே ஒரு முறை 1,800 ரூபாய் அனுப்பினார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. மீந்ததில் எண்பது பிரதியைப் பாதி விலை கொடுத்து நானே வாங்கி வந்தேன். பரணில் இருக்கின்றன. உப்புக்காற்றில் தாள் பழுப்பேறிவிட்டது.

பணம் போனது போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. புத்தகம் வந்த ஆறு மாதமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நின்றேன். மதிப்புரை வரும், யாராவது எழுதுவார்கள் என்று. கூட எழுதியவன் ஒருவனுக்குப் பரிசு கிடைத்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு வரி எழுதவில்லை. கையில் பேனாவைப் பிடித்தால் கதை வருவதில்லை, 'இதை யார் பாராட்டுவார்கள்' என்ற கேள்விதான் வந்தது. நல்ல கதை ஒன்று அப்போது மனசில் இருந்தது. பிறகு எவ்வளவு முயன்றும் அது திரும்பி வரவில்லை. உனக்கு அது நேரக் கூடாது.

அப்புறம் ஒரு நாள், ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து, "அண்ணே, உங்க புத்தகத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்" என்றாள். அவள் அம்மா முப்பது வருடமாகத் தீவுப் பக்கம் போய்க் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். என் கதை ஒன்றில் பாசி எடுக்கிற பெண் வருகிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னாராம்: "எல்லாம் சரி, விரலுக்குத் துணி சுத்தாம எப்படிப் பாசியைப் பிடுங்கினா? பாறை கிழிச்சிருக்குமே." மறுநாள் வீட்டுக்கே போனேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் முழுக்கக் கோடு கோடாக ஆறிய தழும்பு. துணியைச் சுற்றியும் இப்படி. திரும்பி வந்து அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினேன். என் எழுத்துக்குக் கிடைத்த மதிப்புரைகளில் நான் பத்திரமாக வைத்திருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

பெரிய எழுத்தாளர்களைப் பார். சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். 1998-இல் இறந்தார். சாகித்ய அகாதெமி விருது 2001-இல் வந்தது. தோப்பில் முகமது மீரானுக்கு 1997-இல் அதே விருது கிடைத்தது. தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையை அவ்வளவு உயிரோடு எழுதிய அந்த மனிதர் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டேதான் எழுதினார். அவருக்கே கடை தேவைப்பட்டது, மாப்பிள்ளை. உனக்கு மில் வேலை இருப்பதில் என்ன குறை? இன்னும் ஆறு வருட சர்வீஸ். விடியற்காலையில் ஒரு மணி நேரம் எழுது. இந்த நாவலை நீ அப்படித்தானே எழுதினாய்?

நாற்பதாயிரம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறேன் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். ஒரு பைசா கொடுக்காதே. உன் நாவல் நன்றாக இருந்தால் ஒரு வருடம் கழித்தாவது நல்ல பதிப்பாளர் கிடைப்பார். அவரும் இருநூறோ முந்நூறோதான் அச்சிடுவார். அதைக் கேட்டு மனம் நோகாதே. நாவல் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் இப்போது பார்.

அதற்குத்தான் கூப்பிடுகிறேன். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 ராத்திரியைக் கண்ணால் கண்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாசி எடுக்கும் அந்த அம்மாவின் மாமியார் அந்தப் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கல், ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. உன் நாவலைப் பற்றிச் சொன்னேன். "கூட்டிட்டு வா" என்றார்.

ஆனி முடிவதற்குள் நான்கு நாள் லீவு போட்டு வா. படகுகள் கடலுக்குப் போயிருக்கும், நல்ல நண்டு கிடைக்கும். புயல் வரும் அத்தியாயத்தை மறக்காமல் எடுத்து வா. பாட்டிக்கு நீயே வாசித்துக் காட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்