வாலிபர் கூட்டத்தில் எந்தப் படத்தைத் திரையிடலாம்?

பாளையங்கோட்டை

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை உறுதியானதையும், வீட்டில் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் படித்து மகிழ்ந்தோம். நாங்களும் நலமே. உங்கள் சேகரத்து வாலிபர் கூட்டத்தில் படம் திரையிட்டு, அது முடிந்ததும் இளைஞர்களோடு மனம் விட்டுப் பேசலாம் என்று நினைப்பதாகவும், அமெரிக்காவில் சிறு செலவில் எடுக்கப்பட்ட கிறிஸ்தவப் படங்களில், குறிப்பாகக் கருக்கலைப்பைப் பற்றியவற்றில், எவை அதற்குப் பொருந்தும் என்றும் கேட்டிருந்தாய். இந்தப் படங்களைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். அவற்றின் மீது எனக்குப் பற்றும் உண்டு, மனவருத்தமும் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரிலிருந்து தொடங்குவதுதான் முறை. அங்குள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையில் அப்போது உதவிப் போதகராக இருந்த அலெக்ஸ் கென்ட்ரிக், தம் தம்பி ஸ்டீபனோடு சேர்ந்து 2003இல் ஏறத்தாழ 20,000 டாலர் செலவில் 'ஃப்ளைவீல்' என்ற படத்தை எடுத்தார். வாடிக்கையாளர்களை ஏமாற்றிப் பழைய கார்களை விற்கும் வியாபாரி ஒருவனின் கதை அது. அந்த வியாபாரியாக நடித்தவரும் அவரே. அடுத்து வந்த 'ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்' 1 லட்சம் டாலர் செலவில் உருவாகி, 2006இல் வெளியாகி, அதைப் போல நூறு மடங்கு வசூலித்தது. 2008இல் வெளிவந்த 'ஃபயர்ப்ரூஃப்' படத்துக்கு ஆன செலவு 5 லட்சம் டாலர்; வசூல் 3 கோடி டாலரைத் தாண்டியது. பெரும்பாலும் சபை மக்களே ஊதியமின்றி நடித்தும், விளக்குப் பிடித்தும், சமைத்துப் பரிமாறியும் எடுத்த படங்கள் இவை. ஹாலிவுட்டின் தயவை எதிர்பாராமல் ஒரு சபை தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டதை நான் இன்றும் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

'ஃபயர்ப்ரூஃப்' எடுத்துக்கொண்ட பொருளும் எளிதானதல்ல. தீயணைப்பு வீரன் கேலப், ஊருக்கு வீரனாகவும் வீட்டில் அந்நியனாகவும் வாழ்கிறான். இணையத்தில் ஆபாசப் படங்களைப் பார்க்கும் பழக்கத்திலிருந்து அவனால் மீள முடியவில்லை. மனைவி விவாகரத்துக்குத் துணிந்துவிடுகிறாள். பிரசங்க மேடைகளில் பெயர் சொல்லக்கூடத் தயங்கும் பழக்கத்தை, ஒரு சபையே முன்வந்து படமாக்கிக் குடும்பங்களோடு உட்கார்ந்து பார்க்கச் செய்தது என்பதை எண்ணிப் பார். அவன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் ரோஜாப் பூக்களையும் மனைவியைத்தான் அதிகம் நேசிப்பதாக ஒரு குறிப்பையும் வைக்கும் காட்சியில் நடிப்பு சற்று மிகையானதுதான். ஆனாலும் அதைப் பார்க்கும் திருமணமான ஆண்களில் பலருக்கு உள்ளே ஏதோ ஒன்று உறுத்தாமல் இராது. மணவாழ்வை மீட்டெடுக்கத் தந்தை கையால் எழுதிக் கொடுத்த நாற்பது நாள் பயிற்சி, உண்மையில் தாய்தான் தந்தையிடம் கடைப்பிடித்தது என்று பின்னால் தெரியவரும் திருப்பமும் எனக்குப் பிடித்தது. அதுவரை தாயின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காத மகன், அங்கே உடைந்துபோகிறான்.

எனக்குள்ள குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒளிப்பதிவு சரியில்லை, நடிப்பு சரியில்லை, எல்லாம் பணம் இல்லாத குறை என்று முடித்துவிடுகிறார்கள். பணக்குறைவு ஒரு சிறு குறைதான் என்பது என் எண்ணம். முதல் காட்சிக்கு முன்பே சபைகள் மொத்தமாக டிக்கெட் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதே, இந்தப் படங்களை வாழவைப்பதும் அதுதான், உள்ளுக்குள் அரிப்பதும் அதுதான். பார்க்க வருகிறவர் என்ன முடிவை எதிர்பார்க்கிறார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அந்த முடிவுக்கு எதிராகப் பேசும் மனிதனை முழு மனிதனாகப் படைக்க வேண்டிய அவசியம் கதை எழுதுகிறவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. 2014இல் வெளியான 'காட்ஸ் நாட் டெட்' இதற்குச் சரியான சான்று. ஏறத்தாழ 20 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 6 கோடி டாலர் அளவுக்கு வசூலித்த அந்தப் படத்தில் நாத்திகப் பேராசிரியர் கொடியவர், இஸ்லாமியத் தந்தை மகளை அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறவர். இறுதியில் பேராசிரியர் கார் மோதிச் சாகும் தறுவாயில் மனம் திரும்புகிறார். நம் ஆலயத்துக்கு அடுத்த தெருவில் வாழும் இஸ்லாமியச் சகோதரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்க வந்தால், அவர் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியாது. அதை நீ திரையிட வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன்.

கருக்கலைப்பைப் பற்றிய படங்களுக்கு வருகிறேன், உன் கேள்வியின் மையமும் அதுதானே. 2019இல் வந்த 'அன்ப்ளான்ட்', டெக்சாஸ் மாநிலத்தில் கருக்கலைப்பும் செய்யும் பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற அமைப்பின் மருத்துவ மையம் ஒன்றை நிர்வகித்து, 2009இல் அதைவிட்டு வெளியேறிய ஆபி ஜான்சனின் கதை. கருக்கலைப்புக்கு எதிராக அவர் மனம் மாறியதாகச் சொல்லும் அந்த நாளின் நிகழ்வுகள் குறித்துப் பத்திரிகையாளர்கள் கேள்வி எழுப்பியதும் உண்டு; கலந்துரையாடலில் அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' சான்று கிடைத்தது. பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். கருக்கலைப்பு மாத்திரையை உட்கொண்ட ஆபி, வீட்டுக் குளியலறையில் தனியாகக் கிடந்து துடிக்கும் காட்சியில் பிரசங்கம் இல்லை, ஒரு பெண்ணின் வேதனை மட்டுமே இருக்கிறது. ஆனால் அவருடைய மேலதிகாரி திரையில் வரும்போதெல்லாம் படம் பழையபடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. இலாபத்தை மட்டுமே எண்ணும் கல்நெஞ்சக்காரியாக அந்தப் பெண்ணைக் காட்டியதால், அப்படிப்பட்ட இடத்தில் நல்லெண்ணத்தோடு வேலை செய்கிற ஒருத்தி ஏன் இருக்கிறாள் என்ற கடினமான கேள்வியை, ஆபி வழியாகவே எழுப்பியிருக்கக்கூடிய அந்தக் கேள்வியை, படம் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறது.

'அக்டோபர் பேபி' அப்படியல்ல. அலபாமாவைச் சேர்ந்த எர்வின் சகோதரர்கள் எடுத்த இந்தப் படம், 2012 மார்ச்சில் பரவலாக வெளியானது. பத்தொன்பது வயது ஹன்னா, தான் தத்துப்பிள்ளை என்பதையும், தோல்வியடைந்த கருக்கலைப்பில் உயிர் பிழைத்தவள் என்பதையும் அறிந்து, தன்னைப் பெற்றவளைத் தேடிப் போகிறாள். நண்பர்களின் வேன் பயணம், இளம் காதல் ஆகியவை சாதாரணம்தான். ஆனால் அந்த நாளில் மருத்துவ அறையில் இருந்த முன்னாள் செவிலியை ஹன்னா சந்திக்கும் காட்சிக்காகவே படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். ஜாஸ்மின் கை என்ற நடிகை, எழுந்து நடக்காமல், குரலை உயர்த்தாமல், தான் கண்டதைச் சொல்லிக்கொண்டே போகிறார். தன்னை நியாயப்படுத்தவும் இல்லை, பழியை வேறு யார் மீதும் சுமத்தவும் இல்லை. குற்றவாளியாக நிறுத்தப்பட்டிருக்கக்கூடிய ஒருவருக்கு முழு நேரமும் கொடுத்து, அவர் வாயாலேயே பேச விட்டிருக்கிறார்கள். ஹன்னாவும் நாமும் கேட்கிறோம். பெற்றவளாக நடித்த ஷாரி ரிக்பி தாமும் இளம் வயதில் கருக்கலைப்பு செய்துகொண்டவர். படம் முடிந்து பெயர்கள் வரும்போது அதை அவரே கண்ணீரோடு பேசுகிறார். இளைஞர்கள் அவசரமாக எழுந்து போகாதபடி பார்த்துக்கொள்.

இன்னொரு படம் 'பெல்லா'. அலெஹாந்த்ரோ மான்டெவெர்டே இயக்கியது. 2006இல் டொராண்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. அங்கே வாக்களித்தவர்கள் எந்தச் சபையும் அனுப்பிய கூட்டம் அல்லர் என்பதைக் கவனி. வேலையை இழந்த, கருவுற்ற பரிசாரகி ஒருத்தியோடு அந்த உணவகத்தின் சமையல்காரன் ஒரு நாள் முழுவதும் கூடவே இருக்கிறான். நியூயார்க்கில் சுற்றுகிறான், தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட வைக்கிறான். இது பாவம் என்று ஒரு முறைகூட அவன் சொல்வதில்லை. பிள்ளையைத் தானே வளர்க்கத் தயாராக இருக்கிறான், அவ்வளவுதான். பெண்ணிடம் பெற்றுக்கொள் என்று சொல்லுகிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டிய படம் இது என்று நான் நம்புகிறேன்.

இங்கே திரையிடும்போது நீ ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த விவாதம் உரிமைக்கும் உயிருக்கும் இடையிலான வழக்காக நடக்கிறது. நம் ஊரிலோ, பெண் என்று தெரிந்ததும் கலைத்த கதைகளும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த நிலைமையும் உன் கூட்டத்துப் பெரியவர்களின் நினைவில் இருக்கும். இங்கே கலைக்கச் சொல்லிக் கருவுற்ற பெண்ணை நெருக்கியது பெரும்பாலும் அவள் மாமியார் வீடுதான். அதனால் பேச்சு இளம்பெண்களை நோக்கி மட்டும் திரும்பாமல், மாமனார் மாமியார்களும் கணவர்களும் உட்கார்ந்து கேட்கும்படி நடத்து.

ஆகவே என் யோசனை: முதல் சனிக்கிழமை 'பெல்லா', அடுத்தது 'அக்டோபர் பேபி'. 'ஃபயர்ப்ரூஃப்' படத்தைத் திருமணமானவர்களின் கூட்டத்துக்கு வைத்துக்கொள். 'அன்ப்ளான்ட்' வேண்டுமென்றால் பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரு பெண் மருத்துவரைப் பேச அழைத்த பிறகு. கூட்டத்தில் இருக்கும் யாருக்காவது இது சொந்த வாழ்வின் புண்ணாக இருக்கலாம். படம் முடிந்ததும் உடனே மைக்கை நீட்டாமல், போதகரம்மாவிடம் தனியாகப் பேச வழி ஏற்படுத்து. திரையிடுவதற்கு உரிமையாளரின் அனுமதியையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடு.

எந்தத் தேதிகளை முடிவு செய்தாய் என்று எழுது. இயன்றால் இரண்டாவது சனிக்கிழமைக்கு நானும் வருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்