'இஸ்' செய்த குற்றம் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், ஆங்கிலத் தலைப்புகளில் எந்தச் சொல்லைப் பெரிய ('கேபிடல்') எழுத்தில் தொடங்குவது என்பதை "சிறிய சொல்லுக்குச் சிறிய எழுத்து, பெரிய சொல்லுக்குப் பெரிய எழுத்து" என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இவ்வளவு எளிய விதியை அறியாமலேயே என் பணிக்காலம் முழுவதும் மெய்ப்புத் திருத்திக் கழித்துவிட்டேன்.

சொல்லின் நீளத்தைவிட அது செய்யும் வேலையே முக்கியம் என்பது தாங்கள் அறியாததல்ல. 'இஸ்' இரண்டே எழுத்தானாலும் வினைச்சொல், 'இட்' பிரதிப்பெயர், தலைப்பில் இரண்டுக்கும் பெரிய எழுத்தே முறை. 'ஏ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள்களும், 'அண்ட்', 'ஆர்' போன்ற இணைப்புச் சொற்களும் இடையில் வரும்போது மட்டுமே சிறிய எழுத்தில் தொடங்கும். 'வாக்கிங் அப் தி ஹில்' என்னும்போது 'அப்' பிரிபோசிஷன் (முன்னிடைச்சொல்) என்பதால் சிறிய எழுத்து. 'கிவிங் அப் தி த்ரோன்' என்னும்போது அதே சொல் வினையோடு ஒட்டிக்கொள்வதால் பெரிய எழுத்து.

ஆங்கில எழுத்துநடை விதிகளைச் சொல்லும் கையேடுகளுக்குள்ளேயே வழக்கு உண்டு. 'வித்' என்பதை எம்.எல்.ஏ. கையேடு (சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) சிறிய எழுத்தில் எழுதச் சொல்கிறது, ஏ.பி.ஏ. கையேடோ ஆங்கிலத்தில் நான்கெழுத்து இருப்பதால் பெரிய எழுத்து கேட்கிறது. பிரிபோசிஷன் எவ்வளவு நீண்டாலும் சிறிய எழுத்தே என்றிருந்த சிகாகோ கையேடு, 2024இல் வந்த 18ஆம் பதிப்பில், ஐந்தெழுத்து முதல் பெரிய எழுத்து என்று மாற்றிக்கொண்டது. ஆனால் 'இஸ்' விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே தீர்ப்புதான்.

ஓர் ஆய்வேட்டின் தலைப்பில் 'இஸ்' என்பதற்குப் பெரிய எழுத்து இட்டேன். நெறியாளர், சிறிய சொல்தானே என்று அதை அடித்துவிட்டார். ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்தில் அந்தப் பிழை பதிந்தேவிட்டது. டி.டி.பி. நிலையங்களிலோ, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி 'ஆஃப்', 'தி' உட்பட எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டு, "கம்ப்யூட்டரே போட்டது சார்" என்கிறார்கள். நூலகப் பட்டியலில் முதற்சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்குவது வேறொரு மரபு என்று சொன்னால், நான் சாக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள். தங்கள் இதழே மாணவர்களுக்கு இப்படிக் கற்பித்தால், என் போன்றோர் யாரிடம் போய் வாதாடுவது? 'ஹைஃபன்' பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லாமல் போனதையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். குறுக்கெழுத்துப் புதிரின் விடைகளுக்குக் கீழே இடமிருந்தால் அங்கேயே போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மதுரை