டி.சி. எழுதிக் கொடுத்த புதன்கிழமை

கடலூர் முதுநகர்,
22.06.2025

அன்புள்ள கஸ்தூரி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் மாமியார் கொடுத்தனுப்பிய அரிசி தீர்ந்துவிட்டது, அவர் காதில் போட்டுவை. நீயும் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூருக்கு மருமகள் ஆனதிலிருந்து, ஏரித் தண்ணீர் குடித்த தெம்பில், இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாய். எல்லையில் இருக்கும் கன்னியக்கோவிலைத் தாண்ட பாஸ்போர்ட்டா கேட்கிறார்கள்? சாந்தி இரண்டு முறை வந்துவிட்டுப் போனாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

எங்கள் அரசுத் தொடக்கப் பள்ளி திறந்த மூன்றாம் நாள், புதன்கிழமை. பிள்ளைகள் காலைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா வந்து, தனியார் பள்ளியில் சேர்க்க டி.சி. கேட்டார். அவள் என்றால் யார் என்று உனக்குத் தெரியும், போன வருடம் உனக்கு போனில் பாட்டுப் பாடிக் காட்டினாளே, அவள்தான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் படியான அரும்பில் உட்கார்ந்து ஒரே வருடத்தில் மேல் படியான மலருக்குப் போனவள். இந்த வருடம் நான்காம் வகுப்பு. அவளுக்கென்று புத்தகத்தைத் தனியாக எடுத்துவைத்திருந்தேன்.

அந்த அம்மா எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். பெஞ்சல் புயல் வெள்ளத்தில் பதிவேடுகளையும் சத்துணவு அரிசியையும் இடுப்பளவு தண்ணீரில் தலைமேல் சுமந்து கொண்டுபோய் வைத்தவர். அப்படிப்பட்டவர் டி.சி. கேட்டால் நான் என்ன சொல்வது?

“ஏம்மா?” என்றேன்.

“உங்க மேல ஒரு குறையும் இல்ல டீச்சர். நல்லாத்தான் சொல்லித்தர்றீங்க. ஆனா நீங்க மூணாவதுக்கு நடத்துறப்ப நாலாவது என்ன பண்ணும்? சும்மாதானே உக்காந்திருக்கும்?”

ஆங்கிலம், டை, வேன் என்று ஏதாவது சொல்வார், அதற்குப் பதில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது சரி.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன் கேள். ஒன்றாம் வகுப்பில் 3, இரண்டில் 2, மூன்றில் 5, நான்கில் இப்போது 3, ஐந்தில் 4. மொத்தம் 17 பிள்ளைகள். நானும் தம்பியும் இரண்டு ஆசிரியர்கள். தம்பிக்குப் பயிற்சி, கூட்டம், வாக்காளர் பட்டியல் வேலை என்று ஏதாவது வந்துவிட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். அதற்கு நடுவில் எமிஸில், அதுதான் கல்வித் துறையின் இணையப் பதிவில், வருகை ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும்.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தொடக்க வகுப்புகளுக்கு 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். அது தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணவில்லை. மூன்றாம் வகுப்பில் ஐந்தே பேர் இருந்தாலும் அவர்களுக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் முழுதாக வேண்டாமா? எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று கணக்கிட்டு, பணி நிரவல் என்ற பெயரில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆசிரியர் குறைந்தால் இருக்கிற பெற்றோரும் கிளம்புகிறார்கள். இந்தச் சட்டம் வந்த வருடம் எங்களிடம் நான்கு ஆசிரியர்கள் இருந்தோம். அதே சட்டத்தில்தான் தனியார் பள்ளியில் 25 சதவீத இடமும் இருக்கிறது, அதற்கான கட்டணத்தை அரசு கொடுக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் எங்களுக்கு இன்னொரு ஆசிரியரைக் கொடுத்திருந்தால் என்று மனது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், இதையெல்லாம் விடலாமா என்றேன்.

“அது ஆறாவதுலேர்ந்து படிச்சாப் போதும்ல டீச்சர்? ஆறாவதுக்குக் கவர்மென்ட்லதான் சேர்ப்பேன். அஞ்சு வரைக்கும் அடிப்படை நல்லா விழட்டும்.”

கஸ்தூரி, எனக்கு அப்போதுதான் உறைத்தது. சலுகைக்கான கணக்கு ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை நாம் கொடுப்பது சாப்பாடு, சீருடை, புத்தகம். அதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் இப்போது பத்து மணிக்குச் சுருண்டு படுப்பதில்லை, அதை நான் கண்ணால் பார்க்கிறேன். வடலூர் தருமச்சாலையில் உட்கார்ந்து நீயும் நானும் சாப்பிட்டவர்கள், பசி தீர்ந்த முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா கேட்டது வகுப்புக்கு ஓர் ஆசிரியர். கருவாடு காயவைத்துப் பிழைப்பவர், தோட்டை அடகு வைத்து 22,000 ரூபாய் கட்டியிருக்கிறார். அவரை ஏமாந்தவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. ஏப்ரல், மே முழுக்க வெயிலில் நானும் தம்பியும் வீடு வீடாகப் போனோம். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் போய் நின்றால், அது ஏற்கெனவே மூன்று வயதில் எல்.கே.ஜி. சேர்ந்து யு.கே.ஜி.யும் முடித்திருக்கிறது. 2019-இல் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. ஆரம்பித்தபோது அது நடுநிலைப் பள்ளி வளாகங்களுக்குத்தான் வந்தது. எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வருடம் ஒரே வேனில் போய்ப் பழகிய பிள்ளையை நான் எப்படி இறக்கிக் கூட்டி வருவது? இதற்கு நடுவில் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாத தகராறில், மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிற்கிறது, வழக்கு உச்ச நீதிமன்றத்தில். யார் பக்கம் நியாயம் என்று என்னிடமும் கருத்து உண்டு, நேரில் வா, சண்டை போடலாம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியது பற்றி அன்று பேருந்து நிலையத்தில் உன்னிடம் நான் கத்தியதை நினைத்துப் பார்த்தேன். நீட் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டித்தான் வருகின்றன, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் புத்தகம் ஏன் கூடாது என்று அன்று நீ கேட்டது நியாயமான கேள்விதான். இந்த வருடம் உங்கள் முதல் செட் பத்தும் பன்னிரண்டும் எழுதி முடித்துவிட்டது, அவர்களை நினைத்து எனக்கும் சந்தோஷம். ஆனால் நீ பிறகு போனில் சொன்னதை மறக்க முடியவில்லை. தமிழில் படித்துவந்த பிள்ளைகள் பாடத்தைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொண்டு, விடையை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள் என்றாய். பதினொன்றில் தமிழை எடுக்காமலே போய்விடலாம் என்றும் சொன்னாய். பாரதிதாசன் 37 வருடம் தமிழாசிரியராக இருந்த புதுச்சேரி அது. இதற்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று விவரமாக எழுது.

என் பக்கத்துச் சேதி இதுதான். இடமாறுதல் கலந்தாய்வு வருகிறது. டவுனில் ஒரு பெரிய பள்ளியில் இடம் இருக்கிறது. அங்கே போனால் எனக்கு ஒரே வகுப்பு. இவர் போ என்கிறார், அம்மாவும் போ என்கிறார். நான் விண்ணப்பிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் நான்கு பேருக்கும் இன்னும் வகுத்தல் சரியாக வரவில்லை, அவர்களை இப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. மறுபடி எண்ணிக்கை குறைந்தால் அப்போது என்ன நடக்கும் என்று இப்போது யோசிக்க மாட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளியைப் பூட்டும்போது அவள் புது டையோடு வந்து நின்றாள். கையில் ஆங்கில அறிவியல் புத்தகம். ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசித்தாள். “இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?” என்று கேட்டாள். வேரும் தண்டும் பற்றிய பாடம். வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு கன்றைப் பிடுங்கிக் காட்டித் தமிழில் சொன்னேன். அதிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வருகிறாள். அவளோடு இன்னும் இரண்டு வேன் பிள்ளைகள் வருகிறார்கள்.

அதனால், அடுத்த சனிக்கிழமை நீ வரும்போது உங்கள் பள்ளியில் மிஞ்சியிருக்கும் நாலாவது, ஐந்தாவது பழைய புத்தகங்களை எடுத்து வா. ஆங்கிலமும் கணக்கும் முக்கியம். பதினோரு மணி பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். சங்கரா மீன் வாங்கி வைக்கிறேன்.

உன்
விஜயா