முடிச்சை வரைந்தவளுக்குப் பூஜ்யம்: பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். புரத மடிப்பு (அமினோ அமிலச் சங்கிலி மடிந்து உருவம் பெறுவது) பற்றிய பாடத்தில் நீங்கள் எழுதிய அந்த வரி உங்களுக்கு நினைவிருக்கும்: "புரதச் சங்கிலியில் முடிச்சு விழுவதில்லை." அதை நீக்கும்படி மூன்று கடிதங்கள் எழுதிவிட்டேன். இது நான்காவது, இம்முறை ஊரறிய.

இந்த ஆண்டுத் தேர்வில் அதே வரியைக் கொடுத்து, சரியா தவறா என்று கேட்டிருந்தார்கள். என் மாணவி 'தவறு' என்று எழுதி, மூளை நரம்பணுக்களில் மிகுந்திருக்கும் யூசிஎச்-எல்1 புரதத்தை ஓரத்தில் வரைந்திருந்தாள். 223 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. ஐந்து குறுக்கீடுகள், அதாவது இழை இழையைக் கடக்கும் இடங்கள், உள்ள முடிச்சு. எந்த இழை மேலே, எது கீழே என்பதுகூடப் பிசகவில்லை. பென்சிலால் அழித்து அழித்து வரைந்த தடம் தாளில் தெரிகிறது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் பூஜ்யம். மறுமதிப்பீடு கேட்டோம். விடைக்குறிப்பின்படி சரியே என்று பதில் வந்தது. விடைக்குறிப்பு உங்கள் நூலின்படி. உங்கள் நூல் எதன்படி?

1994-இல் இப்படி எழுதியிருந்தால் குறை சொல்லமாட்டேன். அன்று தேடியவர்களுக்கு ஆழமான முடிச்சு, அதாவது முனையில் சிறிது வெட்டினாலும் அவிழாத முடிச்சு, அகப்படவில்லை. 2000-இல் வில்லியம் டெய்லர் என்ற ஆய்வாளர், சங்கிலியின் இரு முனைகளையும் அசையாமல் நிறுத்தி, நடுப்பகுதியைக் கணினியில் படிப்படியாக நேராக்கிப் பார்த்தார். ஒரு தாவர நொதி நேராக மறுத்து எட்டு வடிவ முடிச்சாக நின்றது. இன்று, அறியப்பட்ட புரத அமைப்புகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று முடிச்சுள்ளது. அந்த வரியை நீக்குங்கள்.

முடிச்சு எதற்கு என்பதையாவது பாடமாக்கியிருக்கலாம். பாக்டீரியாவின் டிஆர்எம்டி நொதியில் முடிச்சு விழும் இடத்தில்தான் வினையே நடக்கிறது. என் மாணவி வரைந்த புரதம் சேர்ந்த யூசிஎச் குடும்பத்தில் ஈஸ்ட் முதல் மனிதர் வரை ஒரே முடிச்சு. வேண்டாத சிக்கலென்றால் பரிணாமம் இத்தனை காலம் விட்டுவைத்திருக்குமா? வேண்டாத புரதங்களை உடைக்கும் செல்லின் சிதைப்புப் பொறி, புரதத்தை இழுத்து அவிழ்க்காமல் முடிச்சு தடுக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் நூலுக்கு விவாதம் என்றாலே ஒவ்வாமை. அட்டைப்படம் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு புதிதாகிறது. மன்னிக்கவும், அதைச் சொல்ல வரவில்லை.

தயவுசெய்து அந்த வரியை நீக்குங்கள். அடுத்த பதிப்புவரை காத்திராமல் ஒரு திருத்தத் தாளாவது அனுப்புங்கள். அவளுடைய விடைத்தாளைப் புரத அமைப்பு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். படத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். குறுக்கீடுகளை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியர்