மதிய இசைக்கு 40 நிமிடம் போதும்

ஆசிரியருக்கு,

கோடைக்கால மதிய இசை விழா பற்றிய செய்தி மகிழ்ச்சியளித்தது. போருக்கு அஞ்சி ஓவியங்கள் அகற்றப்பட்டு வெறுமையாகக் கிடந்த லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939இல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தொடங்கிய மதியக் கச்சேரிகள் 1946 வரை நீடித்ததற்கு, பணிக்குச் செல்வோர் உணவு இடைவேளையிலேயே வந்து கேட்டுத் திரும்ப முடிந்ததும் ஒரு காரணம் என்பேன்.

ஆகவே நிகழ்ச்சி 40 நிமிடங்களைத் தாண்டக் கூடாது, வரவேற்புரை (அது எங்கே சுருக்கமாக முடிகிறது!) அதில் பத்தை விழுங்கினால், கடைசிப் பகுதிக்கு முன்பே நாற்காலிகள் காலியாகும். தாமதமாக வருவோரைப் பகுதிகளுக்கு இடையே உள்ளே விடலாம். வெயில் விழும் முற்றத்தில் மேடை அமைத்தால் வயலின் தந்திகள் சுருதி இறங்கும், மரத்தை ஒட்டிய பசையும் இளகும் என்பதைக் குழுவினர் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர் ஒருவர்